எந்த ஊர்த் தண்ணீர்?

தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று ஆரம்ப வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். அந்த வாக்கியம் தூய நீரைப் பற்றியது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது அந்த நீரன்று. அது ஏதோ ஒரு மலையில் பெய்து, ஏதோ ஒரு பாறையைத் தொட்டு, ஓர் ஆற்றோடு ஓடி, ஒரு நிலையத்தில் மருந்து கலக்கப்பட்டு, நிலத்தடிக் குழாயில் நெடுந்தூரம் வந்து சேரும் தண்ணீர். வழியில் கண்டதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. நமக்கு அது தெரிவதில்லை. மீனுக்குத் தெரிகிறது.

மூன்று வருடங்களாக எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். சாதாரணதரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் வாப்பா வாங்கித் தந்தார். கடைக்குப் போன அன்று, எந்த மீன் வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார் என நினைத்துப் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"மகள், வீட்டில எந்த ஊர்த் தண்ணி? பைப்பா, கிணறா?"

"கொழும்புதான் அங்கிள். பைப் தண்ணி."

"அப்ப செரி பார்ப் கொண்டு போங்க. அதுக்கு இந்தத் தண்ணி பழக்கம்."

அந்தப் பதிலின் பொருளைத் தேடித்தான் நான் ஒரு கொப்பி வாங்கினேன். அதில் இன்றுவரை எழுதுகிறேன்.

செரி பார்ப் இலங்கைக்கே உரிய ஒரு சிறு மீன். பெரிதாக வளர்ந்தாலும் ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாது. 1929இல் தெரணியகல என்ற விலங்கியலாளர் அதை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். சிங்களத்தில் அதை 'லே தித்தயா' என்பார்கள். லே என்றால் இரத்தம். ஆண்மீன் இனம்பெருக்கும் காலத்தில் உண்மையிலேயே இரத்தச் சிவப்பாகிவிடும். ஈரவலயத்தில், களனி முதல் நில்வளா வரையான ஆறுகளின் நிழல் விழும் சிற்றோடைகளே அதன் சொந்த ஊர்.

எங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் அதுதான் சொந்த ஊர். கொழும்புக்குக் குடிநீர் தரும் பெரிய மூலம் களனி கங்கை. அது சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த மலைகளில் தோன்றி, சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிப் பக்கமாகக் கடலில் கலக்கிறது. கடலைச் சேருமுன் அம்பத்தளையில் அதன் நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். இதைவிட லபுகம, களட்டுவாவ என்னும் இரண்டு நீர்த்தேக்கங்களிலிருந்தும் நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. இந்த மலைகளின் பாறை தண்ணீரில் இலகுவில் கரையாத கடும்பாறை. அதனால் வரும் நீரில் கல்சியமும் மக்னீசியமும் குறைவு. இரசாயனவியல் பாடத்தில் இதைத்தான் மென்னீர் என்று படிக்கிறோம். ஆகவே என் தொட்டியில் நீந்துவதும் அந்த நாட்டு மீன், தொட்டியை நிரப்புவதும் அந்த நாட்டு நீர். இரண்டும் ஒரே மலைச்சாரலிலிருந்து வந்து எங்கள் முன்கூடத்தில் சந்தித்திருக்கின்றன.

ஆனால் குழாயைத் திறந்து அந்த நீரை நேரே தொட்டிக்குள் விட்டால் செரி பார்ப் செத்துப்போகும். ஆற்றில் இல்லாத ஒன்று குழாயில் இருக்கிறது.

அதுதான் குளோரின். அதைப் பற்றி மீன் வளர்ப்போர் குறைசொல்லியே பழகிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் ஊர் ஊராக உயிர்களை அள்ளிக்கொண்டு போன காலத்தை மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாம் பயமில்லாமல் ஒரு கோப்பைத் தண்ணீர் குடிப்பதற்கு அந்த மருந்தும் ஒரு காரணம். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைக் கொல்வதோடு அதன் வேலை முடிவதில்லை. குழாய் வழியில் எங்காவது கிருமி புகுந்தால் அதையும் கொல்வதற்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்தே அனுப்புகிறார்கள். வீட்டை அடையும்போது ஒரு லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

நமக்கு நன்மை செய்யும் அதே அளவு சிறு மீன்களைக் கொல்லக்கூடியது. நாம் தண்ணீரைக் குடிக்கிறோம். அது வயிற்றுக்குள் போகிறது. அங்கே குளோரின் உணவோடு தாக்கமுற்று ஒழிந்துவிடுகிறது. மீனோ தண்ணீரைச் சுவாசிக்கிறது. அதன் செவுளில் இரத்தத்துக்கும் நீருக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய ஒரு தோல் மட்டுமே. குளோரின் அதை எரித்துவிடும். ஒட்சிசன் நிறைந்த நீருக்குள் இருந்துகொண்டே மீன் மூச்சுத்திணறும்.

இந்த வித்தியாசத்தை நான் முதலில் சரியாக விளங்கிக்கொண்டது மீன் கடையிலோ ஆய்வுகூடத்திலோ அன்று. ஒரு வைத்தியசாலையில்.

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே அழைப்போம். அவர் புத்தளத்துக்காரர். சிறுநீரகங்கள் பழுதடைந்ததால் இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்புக்கு வந்து எங்களோடு தங்கினார். வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். ஒரு நாள் நானும் துணைக்குப் போனேன். இயந்திரத்தின் பின்னால் சுவரிலிருந்து தடித்த ஒரு நீர்க்குழாய் வந்தது. அது குழாய்த் தண்ணீரா என்று அங்கிருந்த தாதியிடம் கேட்டேன். நகரக் குழாயிலிருந்து வருவதுதான், ஆனால் கரி வடிகளுக்குள் விட்டுக் குளோரினை முற்றாக நீக்கி, இன்னும் பல வடிகளைக் கடந்த பிறகே இங்கே வரும் என்றார். இரத்தத்துக்கும் அந்த நீருக்கும் நடுவே மெல்லிய ஒரு சவ்வு மட்டுமே இருப்பதால், குடிக்க நல்ல தண்ணீர் இங்கே போதாது என்றார். ஒரு முறை நான்கு மணித்தியாலம் இயந்திரம் ஓடினால் சுமார் 120 லீற்றர் தேவைப்படுமாம். என் தொட்டியைப் போல இரண்டு தொட்டிக்கும் அதிகம்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நானும் உன்ட மீனும் ஒரே சாதி" என்று சிரித்தார்.

அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று வைத்தியர் அளவு சொல்லியிருந்தார். உம்மா காலையில் அந்த அளவை ஒரு போத்தலில் ஊற்றி வைப்பார். தேத்தண்ணீர், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பின்னேரங்களில் அப்பா தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். வாய் காய்ந்திருக்கும் ஒரு மனிதர் 50 லீற்றர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. தொட்டியை வேறு அறைக்கு மாற்றவா என்று கேட்டேன். வேண்டாம், பார்த்தால் தாகம் குறைகிறது என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

என் கொப்பிக்கு வருகிறேன். குளோரினைச் சோதிக்கும் சிறு போத்தல் ஒன்று கடையில் கிடைக்கும். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்துச் சில துளி விட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு மஞ்சளாகும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தண்ணீர் மாற்றுமுன் சோதித்து நிறத்தைக் குறித்து வந்தேன். சில மாதங்களில் ஒன்று தெளிவானது. ஒரே வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. குசினிக் குழாய் வீதிக் குழாயோடு நேரே இணைந்தது. அங்கே மஞ்சள் கடுமையாக இருக்கும். குளியலறைக் குழாயில் வருவது கூரையிலுள்ள தாங்கியில் வெயில் பட்டுக் கிடந்த தண்ணீர். அதில் மஞ்சள் வெளிறியிருக்கும். சில நாட்களில் தெரியவே தெரியாது. ஆனால் நண்பகலில் எடுத்தால் அது சூடாக இருக்கும். குளோரினுக்குத் தப்பிய மீன் சூட்டில் அகப்பட்டுவிடும்.

நாளுக்கு நாளும் வித்தியாசம் இருந்தது. மலையில் கனமழை பெய்தால் ஆறு கலங்கும். கலங்கிய நீரைச் சுத்திகரிக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் என் கொப்பியில் 'கடும் மஞ்சள்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கிட்ட உள்ள வீடுகளில் குளோரின் கூடவும், குழாயின் கடைசியில் உள்ள வீடுகளில் குறையவும் இருப்பது வழமை. ஆகவே ஒரே நகரத்தில், ஒரே நாளில், இரண்டு தோழிகள் மீன் வளர்த்தால் ஒருத்தியின் அனுபவம் மற்றவளுக்கு அப்படியே பொருந்தாது.

குளோரினை நீக்குவது கடினமன்று. அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்து, காற்றுக் குழாய் போட்டு ஓரிரு நாள் விட்டால் போய்விடும். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்குகளைக் கரைத்து விடலாம். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் போதும். நான் வாரத்துக்கு 12 லீற்றர் மாற்றுகிறேன். லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தால் மொத்தம் 6 மில்லிகிராம். அதற்கு 42 மில்லிகிராம் பளிங்கு. ஒரு சிட்டிகையிலும் குறைவு. வகுப்பில் மூல்கணக்கு என்றால் பயப்படும் தங்கைமாருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்லிக்கொடுப்பேன். பிழைத்தால் ஓர் உயிர் போகும் என்றால் கணக்கு தானாக மண்டையில் ஏறும்.

இலண்டனில் படிக்கும் நானா இந்த வைத்தியம் அங்கே பலிக்காது என்று சொன்னார். அவரோடு அறையில் தங்கியிருப்பவர் மீன் வளர்க்கிறார். இலண்டனின் பெரும்பகுதியில் குளோரினோடு அமோனியாவையும் சேர்த்துக் குளோரமீனாக்கி விடுகிறார்கள். நீண்ட குழாய்களில் அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்காக. திறந்து வைத்தால் குளோரமீன் இலகுவில் போகாது. தயோசல்பேற்று அதன் குளோரினை நீக்கினாலும் அமோனியா நீரில் மிஞ்சும்; அதுவும் மீனுக்கு நஞ்சு. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் மருந்து தேவை. அந்த நீர் சுண்ணப் பாறையில் ஊறி வருவதால் கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடுகிறதாம். நானா படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்ததும் உம்மா, "இது எங்கட புத்தளத்துக் கேத்தல் போல" என்றார்.

புத்தளம் வன்னீர் ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து மேற்குக் கரையோரமாக இறங்கிவரும் சுண்ணக்கல் படிவம் அந்தப் பக்கம்வரை நீள்கிறது. சீமெந்துத் தொழிற்சாலை அங்கே அமைந்ததும் அந்தச் சுண்ணக்கல்லை நம்பித்தான். கிணற்று நீரில் கல்சியம் தாராளம். உம்மா அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்த முதல் வாரத்தில், சவர்க்காரம் போட்டால் நுரை கழுவக் கழுவப் போகவில்லை என்று திகைத்தாராம். ஊரில் பருப்பை முதல்நாள் இரவே ஊறப்போடவேண்டும். இங்கே சும்மா போட்டாலும் வெந்துவிட்டது. ஊரில் தேத்தண்ணீர் ஆறினால் மேலே ஆடை போல ஒரு படலம் மிதக்கும். இங்கே கண்ணாடி போல இருந்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் பாடப்புத்தகத்தில் விளக்கம் உண்டு. கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காகிவிடும். அதனால் நுரை வராது. பருப்பின் கலச்சுவரை அது இறுக்கிப் பிடிக்கும், அதனால் வேகாது. உம்மா இரசாயனவியல் படித்ததில்லை. ஆனால் சோதனைப் போத்தல் எதுவுமில்லாமல் இரண்டு ஊர்த் தண்ணீரையும் சவர்க்காரத்தாலும் பருப்பாலும் தேத்தண்ணீராலும் சோதித்து முடிவு சொல்லியிருக்கிறார். என் கொப்பியின் முதல் பக்கத்தில் அவர் சொன்னவற்றைப் பிறகு எழுதிச் சேர்த்தேன்.

போன வருடம் புத்தளத்து மாமா அப்பாவைப் பார்க்க வரும்போது ஐந்து லீற்றர்க் கேனில் எட்டு மொலி மீன்கள் கொண்டுவந்தார். கறுப்பு வெல்வெட் போன்ற மீன்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பெருகியவை. மொலிக்கு வன்னீர்தான் விருப்பம். மென்னீரில் விட்டால் சில நாட்களில் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டி நடுங்கத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். செரி பார்ப்புக்கோ மென்னீர் வேண்டும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட வழியில்லை.

மொலிக்காகப் பழைய தொட்டி நீரின் வன்மையைச் சட்டென்று கூட்டினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வன்னீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதன் பீ.எச் பெறுமானம் கூடுதலாக இருக்கும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் பெரும்பகுதி, பீ.எச் 7 அளவில் தீங்கு குறைந்த அமோனியம் அயனாகவே இருக்கும். பீ.எச் 8 ஆனால் நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். அழுக்குக் கூடியதால் அன்று, நீரின் குணம் மாறியதால் மட்டும் மீன் சாகும். குடிநீரின் பீ.எச் 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்று அனுமதிக்கிறார்கள். நமக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு புள்ளி கூடினால் ஐதரசன் அயனின் செறிவு பத்தில் ஒரு பங்காகிறது. இரண்டு புள்ளிக்கு நூறில் ஒரு பங்கு. 'குடிக்க உகந்தது' என்ற ஒரே சொல்லுக்குள் நூறு மடங்கு வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

வாப்பாவிடம் இன்னொரு சிறு தொட்டி கேட்டேன். அதில் கழுவிய சிப்பி ஓடுகளை உடைத்துப் போட்டேன். மென்னீர் அவற்றை மெல்ல மெல்லக் கரைத்துக் கல்சியத்தை எடுத்துக்கொள்ளும். மொலிகளைக் கேன் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய காற்றுக் குழாயின் முனையில் முடிச்சுப் போட்டு, துளித்துளியாகப் புதிய தண்ணீரை இறக்கினேன். மூன்று மணித்தியாலம் பிடித்தது. அப்பா கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மெல்ல விடு மகள், ஊர் மாறுறது லேசில்ல" என்றார். அவரும் புத்தளத்திலிருந்து அப்படி வந்தவர்தானே. எட்டும் பிழைத்தன.

இவ்வளவும் தண்ணீர் வந்த காலத்துக் கதை. வராத காலமும் ஒன்று இருந்தது.

மார்ச் மாதத்தில் மழை இல்லாமல் போனால் களனியின் நீர்மட்டம் இறங்கும். ஆறு இறங்க, கடல் ஏறும். உவர்நீர் கனமானது, அது ஆற்றின் அடியால் மேல்நோக்கி நகர்ந்து குடிநீர் எடுக்கும் இடத்தை நெருங்கும். அதைத் தடுக்க அம்பத்தளையில் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கிய காலங்கள் உண்டு. அப்படியான ஒரு வறட்சியில் எங்கள் பகுதியில் நேரம் குறித்துத்தான் தண்ணீர் வந்தது. அதோடு எங்கள் வீதிக் குழாயும் உடைந்தது. மூன்று நாள் முழு நீர்வெட்டு. பவுசர் சந்தியில் நிற்கும். ஆளுக்கு இரண்டு வாளி.

கூரைத் தாங்கி இரண்டாம் நாள் காலையில் காலியானது. அன்று அப்பா வைத்தியசாலைக்குப் போகும் நாள். அவரைக் குளிப்பாட்டி, கையில் ஊசி ஏற்றும் இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி அனுப்பவேண்டும். அந்த இடத்தில் அழுக்குப் பட்டால் தொற்று நேராக இரத்தத்துக்குப் போய்விடும்.

பின்பக்கத்தில் என் நீலப் பீப்பா இருந்தது. மீனுக்காக நான் எப்போதும் 40 லீற்றர் தண்ணீரைத் துணியால் மூடிக் குளோரின் போகவிட்டு வைத்திருப்பேன். உம்மா அதைக் கேட்கவில்லை. குசினி வாசலில் நின்றுகொண்டு, "உன்ட பீப்பாவில எவ்வளவு கிடக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நான் யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். முதல்நாள் மின்சாரமும் இரண்டு மணித்தியாலம் இல்லாமல் போயிருந்தது. காற்றுப் பம்பு நின்றதில் செரி பார்ப்புகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவை முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகள், நுளம்புப் புழு அளவானவை, பாசிக்குள் இருந்தன. அன்று தண்ணீர் மாற்றாவிட்டால் அந்தக் குஞ்சுகள் தாங்குமா என்பது நிச்சயமில்லை. நான் வாளியை எடுத்து 30 லீற்றரை அளந்து குளியலறையில் வைத்தேன். கையைக் கழுவுவதற்கு மட்டும் உம்மா பவுசர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றினார். பீப்பாவில் 10 லீற்றர் மீதி.

மிஞ்சியதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு என் கொப்பி உதவியது. மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்தினேன். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். தின்னாவிட்டால் கழிவு குறையும். கழிவு குறைந்தால் அமோனியா குறையும். நாளுக்கு மூன்று லீற்றர் மட்டும் மாற்றினேன். வெளியே எடுத்த மீன் தண்ணீர் கழிவறைக்குப் போனது. தம்பி ஈர்க்கில் தடிகளோடு இருந்து, மின்சாரம் நின்ற நேரங்களில் தொட்டியின் மேற்பரப்பை அடித்துக் கலக்கினான். பெரிய மீன்கள் எல்லாம் பிழைத்தன. குஞ்சுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. பின்னேரம் வைத்தியசாலையிலிருந்து வந்த அப்பா குஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் தலையில் கையை வைத்தார்.

நான்காம் நாள் தண்ணீர் வந்தது. வீட்டில் எல்லோரும் வாளியோடு ஓடினோம். முதலில் வந்தது மண்ணிறம். குழாயில் படிந்திருந்த துருவும் மண்டியும். பிறகு பால் போல வெள்ளை. அது அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று நுண்குமிழிகளாக வெளிவருவது. சற்று நேரம் வைத்தால் அடியிலிருந்து தெளிந்துவிடும். ஆனால் அப்படியே தொட்டியில் ஊற்றினால் அந்தக் காற்று மீனின் இரத்தத்திலும் குமிழியாகும். அதற்குப் பின் தெளிவான தண்ணீர், மூக்கில் அடிக்கும் மருந்து வாசனையோடு. துளியை விட்டேன், மஞ்சள் கடந்து செம்மஞ்சளாகியது. திருத்தப்பட்ட குழாய்க்குக் கூடுதல் மருந்து போடுவது நம் நன்மைக்குத்தான். பார்க்க மிகச் சுத்தமாக இருந்த அந்தத் தண்ணீர்தான் அந்த வாரத்தில் என் மீன்களுக்கு ஆகக் கூடிய ஆபத்து. மூன்று நாள் பழைய நீரில் களைத்துப்போயிருந்தவற்றை இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வைத்தேன்.

மீன் வளர்க்க விரும்பும் தோழிகளுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. மீனைத் தெரிவுசெய்யுமுன் உங்கள் தண்ணீரை அறிந்துகொள்ளுங்கள். கண்டியில் மகாவலி, கொழும்பில் களனி, புத்தளத்தில் சுண்ணக்கல் கிணறு. ஒவ்வொன்றுக்கும் உகந்த மீன் உண்டு. கிடைத்த நீரோடு சண்டைபிடிப்பதைவிட அதற்கேற்ற உயிரை வளர்ப்பது இலகு. ஒரே முறையில் நிறைய மாற்றாதீர்கள், காற்பங்கு போதும். கனமழைக்குப் பிறகும் நீர்வெட்டுக்குப் பிறகும் ஓரிரு நாள் பொறுங்கள். எப்போதும் ஒரு பீப்பா நீரைச் சேமித்து வையுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி துணியால் இறுக்கி மூட மறக்கவேண்டாம். அந்தப் பீப்பா ஒரு நாள் மீனுக்கல்லாமல் மனிதருக்கும் உதவும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லலாம். பிள்ளை மீன் கேட்டால், படிப்புக் கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். என் கொப்பியில் புவியியல் இருக்கிறது, இரசாயனவியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது. நாம் வாளி வாளியாக ஊற்றிவிடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது.

அப்பா இப்போதும் வாரம் இரண்டு நாள் போய்வருகிறார். மிஞ்சிய குஞ்சுகள் வளர்ந்து, அவற்றில் ஓர் ஆண்மீன் இந்த மாதம்தான் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நான் சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கும்போது, கேத்தலை அடுப்பில் வைக்குமுன் உம்மா என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது:

"இண்டைக்குத் தண்ணி எப்படி?"